ஆயிலும் குறைகிறது, பெட்ரோல் வாடையும் அடிக்கிறது: இன்ஜினை இறக்குவதற்கு முன்

நீங்கள் எழுதியதில் நான் புரிந்துகொண்டது இதுதான். இருபது வயதான பெட்ரோல் கார், நாலு சிலிண்டர், 1,80,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 1,500 கி.மீ.க்கு ஒரு லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. கொஞ்ச நாளாகக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பெட்ரோல் வாடையும் சேர்ந்துகொண்டது. சைலன்சரில் புகை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. மெக்கானிக் பேனட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "ரிங் போயிடுச்சு, இன்ஜினை இறக்கணும்" என்று சொல்லிவிட்டார். இறக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். ரிங், அதாவது பிஸ்டனைச் சுற்றி சிலிண்டர் சுவரை உரசி நிற்கும் வளையம், தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எதையும் கழற்றாமல், எதையும் அளக்காமல் சொன்ன தீர்ப்பு அது. இன்னொன்று, ரிங் போனால் ஆயில் குறையும், சரி. பெட்ரோல் வாடை ஏன் புதிதாக வரவேண்டும்? அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. எனக்கு அந்த வாடைதான் முக்கியமான துப்பாகத் தெரிகிறது.

வாடையைத் தேடும் முன் ஒரு எச்சரிக்கை. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே கலைந்து போகாது, தரையோடு தங்கும். மைனஸ் 40 டிகிரிக் குளிரில்கூடப் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடும் திரவம் அது. ஆகவே மூடிய ஷெட்டுக்குள் தேடாதீர்கள், வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வாருங்கள். சிகரெட், லைட்டர், வெறும் பல்பு மாட்டிய கைவிளக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம். எங்காவது பெட்ரோல் ஈரமாகக் கண்ணில் பட்டால், அதைச் சரிசெய்யும்வரை ஸ்டார்ட் செய்யக்கூடாது. ஆயில் கசிந்தால் நாலு நாள் பொறுக்கலாம். பெட்ரோல் கசிந்தால் பொறுக்க முடியாது.

இனி, இரண்டு புகாரும் எப்படி ஒரே நோயாக இருக்கலாம் என்று பார்ப்போம். சிலிண்டர் சுவரில் மெல்லிய ஆயில் படலம் ஒன்று எப்போதும் இருக்கும். ரிங்குக்கும் சுவருக்கும் இடையே அதுதான் மெத்தை, அதுதான் அடைப்பு. தேவைக்கு மேல் பெட்ரோல் சிலிண்டருக்குள் போனால் எல்லாம் எரியாது. மிச்சம் சுவரில் வழிந்து அந்தப் படலத்தைக் கழுவிக்கொண்டு, கீழே ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்புக்கு இறங்கிவிடும். படலம் போனால் ரிங்கின் பிடி தளரும். சம்ப்பில் உள்ள ஆயிலும் பெட்ரோல் கலந்து நீர்த்துப்போகும். நீர்த்த ஆயில் ரிங்கைத் தாண்டி மேலே ஏறுவது சுலபம், வால்வின் தண்டு நகரும் குழாயான வால்வு கைடு வழியே இறங்குவதும் சுலபம். அதாவது பெட்ரோல் பக்கத்துக் கோளாறே ஆயில் குறைவதற்குக் காரணமாக இருக்கலாம். இதைக் கவனிக்காமல் ரிங் மாற்றினால், புது ரிங்கையும் அதே பெட்ரோல் கழுவும்.

டிப்ஸ்டிக் காட்டும் அளவு ஆயிலின் அளவு என்று நினைக்கிறோம். உண்மையில் அது வரவு செலவு போக நிற்கும் மீதி. எரிந்ததும் கசிந்ததும் செலவு, உள்ளே இறங்கிய பெட்ரோல் வரவு. குறுகிய தூரம் மட்டுமே ஓடும் வண்டியில் இரண்டும் ஈடுகட்டிக்கொண்டு மட்டம் அப்படியே நிற்கும். பிறகு ஒருநாள் நீண்ட பயணம் போவார்கள். ஆயில் அரை மணி நேரத்துக்கு மேல் 90, 100 டிகிரிச் சூட்டில் இருந்ததும், கலந்திருந்த பெட்ரோலில் இலேசான பகுதி ஆவியாகிப் போய்விடும். இறங்கிப் பார்த்தால் மட்டம் சட்டென்று விழுந்திருக்கும். "ஹைவேயில் ஓட்டினால்தான் ஆயில் குடிக்குது" என்று பலர் சொல்வதில் இப்படிப்பட்ட வண்டிகளும் உண்டு. என் பழைய கார் ஒன்றில் ஆறு மாதம் ஆயில் குறையவே இல்லை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். மட்டம் மேல் கோட்டைத் தாண்டி ஏறிய நாளில்தான் புத்தி வந்தது. ஆயில் ஏறுவது நல்ல செய்தியே அல்ல.

அதனால் முதல் வேலை இன்றே செய்யக்கூடியது. டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பழைய ஆயிலில் இலேசான பெட்ரோல் மணம் இருப்பது சாதாரணம். ஆனால் மூக்கைச் சுண்டும் அளவுக்கு அடித்தால் கலப்பு இருக்கிறது. ஒரு சொட்டை டிஷ்யூ தாளிலோ வடிகட்டும் தாளிலோ விட்டுச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். நடுவில் கருமையும் அதைச் சுற்றி அகலமான, நிறம் குறைந்த ஈர வளையமும் பரவியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. இது ஆய்வுக்கூடப் பரிசோதனை அல்ல, ஒரு கைநாடி பார்ப்பது போல. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஆயில் மாதிரியை ஆய்வுக்கு அனுப்பலாம். ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியவை நிறைய.

ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். கையேட்டில் சொன்ன தரமே போதும். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து பத்து நிமிடம் கழித்து மேல் கோடு வரை சரியாக நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு 300 கி.மீ.க்கும் அதே இடத்தில், அதே முறையில் அளந்து எழுதுங்கள். பெரும்பாலான கார்களில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு லிட்டர் அடங்கும். புது ஆயில் போட்ட முதல் சில நூறு கிலோமீட்டரில் மட்டம் குறையாமல் இருந்து, பிறகு ஆயிலில் பெட்ரோல் வாடை ஏற ஏற மட்டமும் குறைய ஆரம்பித்தால், நீர்த்துப்போவதுதான் முக்கியக் காரணம். முதல் நாளிலிருந்தே ஒரே வேகத்தில் குறைந்தால் கசிவு அல்லது இயந்திரத் தேய்மானத்தின் பக்கம் பாருங்கள்.

1,500 கி.மீ.க்கு ஒரு லிட்டர் என்பது எவ்வளவு மோசம் என்றும் சொல்லிவிடுகிறேன். 1,000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் வரை ஏற்கத்தக்கது என்று எழுதியிருக்கும் கையேடுகளே உண்டு. அது தயாரிப்பாளர் தன்னைக் காத்துக்கொள்ள எழுதிய எண் என்பது என் எண்ணம். ஆரோக்கியமான இன்ஜின் அவ்வளவு குடிக்காது. புகை தெரியவில்லையே, அப்படியானால் எரியவில்லையா என்று கேட்டிருந்தீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சராசரி 50 கி.மீ. வேகத்தில் 1,500 கி.மீ. ஓட 30 மணி நேரம். நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால் மொத்தம் 36 லட்சம் சுற்று. நாலு சிலிண்டர் இன்ஜினில் சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, ஆக 72 லட்சம் வெடிப்பு. ஒரு லிட்டரை அதில் பங்கிட்டால், ஒரு சொட்டு ஆயிலை 350 பங்காக்கி ஒரு பங்குதான் ஒவ்வொரு முறையும் எரிகிறது. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் நடுவில் இருந்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. புகை இல்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

அடுத்து கசிவு. இன்ஜினை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, இரண்டு நாள் ஓட்டி, பிறகு மேலிருந்து கீழாகப் பாருங்கள். கீழிருந்து மேலாகப் பார்ப்பதுதான் வழக்கமான தவறு. ஆயில் வழிந்து, காற்றில் பின்னுக்குத் தள்ளப்பட்டு, எங்கோ போய்ச் சொட்டும். இன்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவரின் கேஸ்கெட்டில் பின் மூலையில் கசிவது இன்ஜினின் முதுகு வழியே இறங்கி கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டும். அதைப் பார்த்துவிட்டு கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீல் போச்சு என்று கியர்பாக்ஸை இறக்கியவர்கள் உண்டு. ஆயில் பிரஷர் சுவிட்ச், ஃபில்டர் உட்காரும் முகம், கேம் சீல், சம்ப் வடிகால் போல்ட்டின் வாஷர், இவையெல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள். கசிவு சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்தால் தரையில் ஒரு சொட்டும் இருக்காது, கருகிய வாடை மட்டும் வரும். ஸ்பார்க் பிளக் உட்காரும் குழிக்குள்ளும் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே ஆயில் தேங்கியிருந்தால் அது டேப்பட் கவரில் உள்ள குழாய் சீல், ரிங் அல்ல.

இப்போது நான் எப்போதும் முதலில் சந்தேகப்படும் மலிவான பொருள், பிசிவி வால்வு. ரிங்கைத் தாண்டிச் சம்ப்புக்குள் வரும் வாயுவை மீண்டும் உறிஞ்சி எரிக்க அனுப்பும் சின்ன வால்வு அது. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி எல்லா சீல் வழியாகவும் ஆயிலைத் தள்ளும். திறந்தபடி சிக்கிக்கொண்டால் ஆயில் ஆவியை அளவுக்கு மீறி, இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக்குக்குள் இழுக்கும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து ஒரு மெல்லிய தாளை அந்தத் துளையின் மேல் வைத்துப் பாருங்கள். இலேசாக ஒட்டிக்கொண்டால் சரி. குபுகுபுவென்று தாளை ஊதித் தள்ளினால், ஒன்று இந்த வால்வு, அல்லது உண்மையிலேயே ரிங். வால்வைக் கழற்றி ஆட்டிப் பாருங்கள், பல மாடல்களில் உள்ளே கலகலவென்று ஓசை வரவேண்டும். அதற்குப் போகும் ரப்பர் குழாய்களை மறக்காதீர்கள். இருபது வயதில் அவை உள்ளுக்குள் உப்பி அடைத்திருக்கும், வெளியே பார்த்தால் புதிது போல இருக்கும். வால்வும் குழாயும் மாற்றாமல் கிராங்க் சீல் மாற்றுவது வீண். புது சீலும் அதே அழுத்தத்தில் ஒழுகும்.

பெட்ரோல் பக்கம் வருவோம். வாடை எப்போது வருகிறது என்பதே பாதி விடை. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தவுடன் சைலன்சர் பக்கம் சில விநாடி வாடை வருவது இயல்பு. அப்போது பெட்ரோல் கூடுதலாகவே ஊட்டப்படும். கன்வர்ட்டரும் 250, 300 டிகிரி ஏறினால்தான் வேலை செய்யத் தொடங்கும். சூடான பிறகும் நீடித்தால், அல்லது வாடை பேனட்டுக்குள்ளிருந்து வந்தால், அது இயல்பல்ல.

இன்ஜெக்டர் உள்ள பழைய வண்டிகள் பலவற்றில், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயான ரெயிலின் ஓரத்தில் ஒரு பிரஷர் ரெகுலேட்டரும் அதிலிருந்து இன்டேக்குக்குப் போகும் மெல்லிய வேக்குவம் குழாயும் இருக்கும். உங்கள் விவரத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். ரெகுலேட்டரின் உள்ளே உள்ள ரப்பர் சவ்வு கிழிந்தால் பெட்ரோல் நேராக அந்தக் குழாய் வழியே இன்டேக்குக்குள் போகும். இன்ஜெக்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் தெரியாத பெட்ரோல் அது. வாடை, பிளக்கில் கருமை, மைலேஜ் குறைவு, ஆயில் நீர்த்துப்போதல் எல்லாம் ஒரே சவ்வில் அடங்கிவிடும். சோதிக்க ஒரு நிமிடம். சூடு ஆறியதும் அந்தக் குழாயை உருவுங்கள். உள்ளே ஈரமோ கடுமையான பெட்ரோல் வாடையோ இருந்தால் கண்டுபிடித்துவிட்டீர்கள். அங்கே காய்ந்திருந்தால் பிரஷர் கேஜ் மாட்டி, இன்ஜினை அணைத்தபின் அழுத்தம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். ரெயிலில் சுமார் 3 பார் அழுத்தம் இருக்கும் வண்டியில் அது சில நிமிடத்தில் கரைந்துவிட்டால், சொட்டும் இன்ஜெக்டரோ ரெகுலேட்டரோ பம்பின் ஒருவழி வால்வோ காரணம். இரவெல்லாம் இன்ஜெக்டர் சொட்டினால் காலையில் ஸ்டார்ட் ஆகத் தயங்கும், வாடை அடிக்கும். நீங்கள் சொன்ன காலை வாடைக்கு இதுவும் பொருந்துகிறது. இன்ஜெக்டரின் ஓ-ரிங் இறுகிப்போய்க் குளிரில் மட்டும் கசிந்து, சூடானதும் அடைத்துக்கொள்வதும் உண்டு. அதைப் பிடிக்க வேண்டுமானால் காலையில் முதல் ஸ்டார்ட்டின்போதே பேனட் திறந்திருக்க வேண்டும்.

இன்ஜின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று கம்ப்யூட்டரை ஏமாற்றும் வெப்ப சென்சாரும், திறந்தபடியே சிக்கிய தெர்மோஸ்டாட்டும் அடுத்த சந்தேகங்கள். வெப்பமானி முள் பாதிக்கு வராமல் கீழேயே நின்றால் தெர்மோஸ்டாட்டைத்தான் முதலில் மாற்றுவேன். அதில் இரட்டை நட்டம், பெட்ரோலும் கூடுதலாகப் போகும், ஆயிலும் அதை ஆவியாக்கும் அளவுக்குச் சூடேறாது.

வண்டியில் ஸ்கேனர் மாட்டும் ஓபிடி இணைப்பு இருந்தால், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவான ஃபியூயல் ட்ரிம் எண்ணை ஸ்கேனரில் பாருங்கள். மைனஸ் 10 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால், எங்கிருந்தோ வரும் கூடுதல் பெட்ரோலைக் கம்ப்யூட்டர் குறைக்கப் பார்க்கிறது என்று பொருள். இங்கே ஒரு நல்ல உத்தி உண்டு. இன்ஜின் சூடாக ஓடும்போது பிசிவி குழாயைக் கழற்றி இன்டேக் பக்கத்து வாயை அடைத்துவிடுங்கள். ட்ரிம் எண் சுழியத்தை நோக்கி ஏறினால், அந்தக் கூடுதல் பெட்ரோல் ஆயிலிலிருந்து ஆவியாகி வருகிறது. ஆயில் மாற்றினால்தான் அது தீரும், சென்சார் மாற்றித் தீராது.

கார்புரேட்டர் வண்டி என்றால் கதை வேறு. இன்ஜினில் பொருத்திய மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தால், பம்பின் கீழ்ப்பக்கம் சம்ப்போடு இணைந்திருப்பதால் பெட்ரோல் நேரே ஆயிலுக்குள் விழும். மிதவை ஊசி சரியாக அடைக்காமல் கார்புரேட்டர் நிரம்பி வழிவதும் அடிக்கடி நடப்பதே. சூடாக நிறுத்திய பத்து நிமிடத்தில் வாடை வந்தால் அங்கே பாருங்கள்.

டேங்க் நிரப்பிய அன்று மட்டும் வாடை என்றால் இன்ஜினை விட்டுவிடுங்கள். மூடியின் ரப்பர், ஊற்றும் குழாயின் ஹோஸ், டேங்க் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி நிரப்பிய கேனிஸ்டர், அந்த ஆவியை இன்ஜினுக்கு விடும் பர்ஜ் வால்வு ஆகியவற்றில் ஒன்று. பம்ப் தானாக நின்ற பிறகும் கழுத்து வரை நிரப்பும் பழக்கம் இருந்தால் கேனிஸ்டர் ஊறிப்போயிருக்கும். பின் சீட்டில் உட்காருபவருக்கு மட்டும் வாடை என்றால் சீட்டுக்குக் கீழே பம்ப் மூடியின் கேஸ்கெட்.

அடுத்து ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எந்த சிலிண்டருடையது என்று அடையாளமிட்டு வரிசையாக வையுங்கள். நாலும் உலர்ந்த கரியாகக் கறுத்திருந்தால் பெட்ரோல் கூடுதல், எல்லாவற்றுக்கும் பொதுவான காரணம். ஒன்று மட்டும் அப்படி என்றால் அந்த இன்ஜெக்டர். ஈரமும் பளபளப்புமாக, தேய்த்தால் விரலில் வழுக்கினால் ஆயில். ஒரே ஒரு பிளக் ஆயிலாக இருந்து மற்ற மூன்றும் நன்றாக இருந்தால், முழு இன்ஜினையும் இறக்கச் சொன்னவரிடம் அதைக் காட்டிக் கேளுங்கள்.

நீலப்புகை எப்போதாவது தெரிந்தால், வரும் நேரத்தைக் கவனியுங்கள். இரவு முழுக்க நின்று காலையில் ஒரு குப்பென்று வந்து நின்றுவிட்டால் வால்வு சீல். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு இறங்கி, மீண்டும் மிதிக்கும்போது வந்தால் சீலும் கைடும். ஏற்றத்தில் மிதித்த மிதியில் தொடர்ந்து வந்தால் ரிங். கறுப்பு என்றால் பெட்ரோல்.

இவ்வளவுக்கும் பிறகு கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் பிடிக்கும் அழுத்தம், பாருங்கள். பெட்ரோல் வருவதை நிறுத்தி, இக்னிஷனையும் துண்டித்து, எல்லா பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். பேட்டரி நல்ல நிலையில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் எண்கள் பொய் சொல்லும். நல்ல இன்ஜினில் சுமார் 11 முதல் 13 பார் வரும், உங்கள் மாடலுக்கான எண் கையேட்டில் இருக்கும். மொத்த எண்ணைவிட சிலிண்டர்களுக்குள் உள்ள வேறுபாடு முக்கியம், 10, 15 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. குறைவாக இருக்கும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்க்கையில் எண் நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர் (சிலிண்டர் சுவர்). ஏறாவிட்டால் வால்வு. பெட்ரோல் கழுவிய சிலிண்டரும் இதே போல ஏறிக் காட்டும். அதனால்தான் பெட்ரோல் பக்கத்தைச் சரிசெய்து, ஆயில் மாற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு இதைச் செய்யச் சொல்கிறேன்.

கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் ஆயில் குறைகிறதா? அப்படியும் நடக்கும். கம்ப்ரஷனைப் பிடிப்பது மேலே உள்ள இரண்டு ரிங். ஆயிலை வழித்துக் கீழே தள்ளுவது மூன்றாவது. அந்த ஆயில் ரிங்கின் பின்னால் உள்ள துளைகள் கரியால் அடைத்து ரிங் ஒட்டிக்கொண்டால், கம்ப்ரஷன் கேஜ் எல்லாம் நலம் என்று காட்டும். பிளக் துளை வழியே கரி கரைக்கும் திரவம் விட்டு ஓரிரவு ஊறவைப்பது சில சமயம் பலன் தரும். ஊறிய பிறகு பிளக் மாட்டாமலே ஸ்டார்ட்டரைச் சுற்றித் திரவத்தை வெளியேற்றிவிட வேண்டும். மறந்து பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்தால், திரவம் அமுங்காது என்பதால் பிஸ்டனின் கனெக்டிங் ராடு வளையக்கூடும். பிறகு ஆயிலையும் மாற்ற வேண்டும். வால்வு சீல்தான் என்று தெரிந்தால், சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வு விழாமல் பிடித்துக்கொண்டு, ஹெட்டைக் கழற்றாமலே மாற்றக்கூடிய இன்ஜின்கள் நிறைய. இதைச் செய்யத் தெரிந்தவரைத் தேடுங்கள்.

கெட்டியான ஆயில் ஊற்றலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். 5டபிள்யூ-30 ஊற்றும் வண்டிக்கு, கையேடு அனுமதித்தால், 10டபிள்யூ-40 ஊற்றுவதில் தவறில்லை. தேய்மானத்தால் குறைவது கொஞ்சம் மட்டுப்படும். ஆனால் இப்போதே ஊற்றாதீர்கள். பெட்ரோல் கலப்பை அது மூடி மறைத்துவிடும், நீங்கள் எடுக்கும் அளவுகளும் குழம்பிப்போகும். புகையை நிறுத்தும் என்று விற்கும் டப்பாக்களை நான் வாங்குவதில்லை.

வேக்குவம் குழாயை உருவிப் பார்ப்பதும் பிசிவி சோதனையும் பிளக்கைக் கழற்றுவதும் ஒரு மதியத்துக்குள் முடியும். அந்த மூன்றின் முடிவையும், புது ஆயில் போட்டபின் முதல் 300 கி.மீ.யில் எடுத்த அளவையும் எழுதுங்கள். ரிங் பற்றிய பேச்சை அதன்பின் வைத்துக்கொள்வோம். அதுவரை வாரம் ஒருமுறை மட்டம் பாருங்கள், கீழ்க் கோட்டைத் தொடவிடாதீர்கள். மேல் கோட்டைத் தாண்டினால் ஓட்டவே வேண்டாம், ஆயிலை வடித்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.